மாட்டுக்கு வருமா

மாட்டுக்கு அந்த நோய் இல்லை என்று எழுதி வாங்கிவர வேண்டுமாம். வாங்கி வந்துவிட்டால் சாயங்காலமே பாலை ஊற்றிக்கொள்ளலாமாம். பால் சொசைட்டிச் செயலாளர் பொன்னரசு இதைச் சொன்னபோது அவர் முகத்தில் கோபமோ இளக்காரமோ இருந்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். அவரோ மிகவும் நல்ல மனிதராகச் சொன்னார். எனக்கு நாற்காலி எடுத்துப் போடச் சொன்னார், மோர் வேண்டுமா என்று கேட்டார். நல்ல மனிதர்களோடு எப்படிச் சண்டை போடுவது என்று இந்த வயது வரைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. அதனால்தான் இப்போது கால்நடை மருந்தகத்து வாகை மரத்தடியில், சாணி காய்ந்த சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்திருக்கிறேன். எதிரே சம்பூர்ணமும் அவளுடைய செவலை மாடும் நிற்கிறார்கள். உட்காரு அம்மிணி என்று இரண்டு முறை சொல்லிவிட்டேன். மாடு நிற்கும்போது தான் உட்காருவது மரியாதை இல்லை என்பதுபோல நிற்கிறாள். நடந்தது இவ்வளவுதான். சோளத்தட்டு அறுக்கும்போது அவள் விரலில் அரிவாள் பட்டுவிட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு பால் கறந்தாள். அதே சமயம் பார்த்து மாட்டின் காம்பில் வெடிப்பு. துணி சுற்றிய விரலோடு அவள் பால் ஊற்ற வந்ததை வரிசையில் நின்ற ஒருவர் பார்த்தார், காம்பில் புண் என்பதை இன்னொருவர் கேள்விப்பட்டார், இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட ஊரில் ஆளா இல்லை. அவளுக்கு எச்.ஐ.வி. இருப்பது எல்லோருக்கும் தெரியும். லாரி ஓட்டிய அவள் புருசன் அதில்தான் போனான். அவன் போன பிறகு இத்தனை வருசம் அவள் கறந்த பாலை இதே சொசைட்டி வாங்கி, இதே கேனில் கலந்து, இதே ஜனங்கள் காப்பி போட்டுக் குடித்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இப்போது மாட்டுக்கு வந்துவிட்டதாம்.

டாக்டரம்மா ஒரு கிராமத்துக்கு சினை ஊசி போடப் போயிருக்கிறார், வந்துவிடுவார் என்று உதவியாளர் சொன்னார். வந்துவிடுவார் என்பதற்கு இந்த இடத்தில் என்ன அர்த்தம் என்று தெரியவில்லை. வந்தால் நான் என்ன கேட்பது என்பதுதான் அதைவிடப் பெரிய எரிச்சல். மாட்டுக்கு அந்த நோய்க்குப் பரிசோதனையே கிடையாது, ஏனென்றால் மாட்டுக்கு அந்த நோயே கிடையாது. நோய் கிடையாது என்பதால் பரிசோதனை கிடையாது, பரிசோதனை கிடையாது என்பதால் இல்லை என்று எழுத முடியாது, இல்லை என்று எழுதாவிட்டால் இருக்கிறது என்று அர்த்தம். செக்கைச் சுற்றுவதுபோல நான் நேற்று ராத்திரியிலிருந்து இதையே சுற்றிக்கொண்டிருக்கிறேன். சரி, டாக்டரம்மா இரக்கப்பட்டு எழுதிக் கொடுத்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். இந்த மாட்டுக்கு இல்லை என்று எழுதினால், வேறு மாட்டுக்கு இருக்கலாம் என்று ஆகிவிடுகிறதே. இந்த மாதம் இல்லை என்றால் அடுத்த மாதம்? பொன்னரசு அடுத்த மாதமும் நாற்காலி எடுத்துப் போடச் சொல்வார். இல்லை என்று எழுதிய காகிதம் என்னவெல்லாம் செய்யும் என்று எனக்குத் தெரியும். என் வீட்டில் அப்படி ஒன்று வந்தது. அதை இப்போது நினைக்க வேண்டாம். ஈ மொய்க்கிறது. அந்தப் பக்கம் வயிறு உப்பின வெள்ளாட்டை மடியில் போட்டுக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். வந்ததிலிருந்து எங்களையே பார்க்கிறார். இன்னும் சற்று நேரத்தில் கேட்பார். கேட்காத மனிதர் எங்கே இருக்கிறார்?

கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். என் பெண்டாட்டி பாவாயி உயிரோடு இருந்த காலத்திலிருந்து என்னிடம் கேட்கிறார்கள், என்னவோ நான் அந்தக் கிருமிக்குச் சொந்தக்காரன் மாதிரி. கொசு கடித்தால் வருமா? நாவிதர் கத்தியில் வருமா? ஒரே குடத்துத் தண்ணீரில்? நாய் அவளைக் கடித்துவிட்டு நம்மைக் கடித்தால்? கொசுவைக் கேட்டவருக்கு நான் கொசுவின் வயிற்றைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். கொசுவின் உடம்பில் இந்த வைரஸ் பிடித்து ஏறக்கூடிய செல்லே கிடையாது, அது வயிற்றில் கிடந்து செரித்துப் போகும் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் பேருந்தில் ஏறிப் போய்விட்டார். என் படிப்பு எட்டாம் வகுப்பு. ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார் பழுது பார்க்கிற பட்டறை வைத்திருந்தேன். மோட்டார் கெட்டால் பிரித்துப் பார்த்தாக வேண்டும், எதனால் கெட்டது என்று தெரியாமல் எனக்குச் சாப்பாடு இறங்காது. அந்தப் புத்தியோடுதான் இதையும் பிரித்துப் பார்க்க உட்கார்ந்தேன். நூலகத்தில் தமிழில் இருந்த கொஞ்சத்தை முடித்தேன், அகராதியை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் இருந்ததைப் பிடித்தேன், ஒரு பக்கம் படிக்க ஒரு வாரம் ஆனது உண்டு. மாத்திரை கொடுக்கும் சென்டரில் ஒரு படம் ஒட்டியிருப்பார்கள், பூட்டும் சாவியும் போட்டு. வைரஸ் சாவியாம், செல் பூட்டாம். அந்தப் படத்தைப் பார்த்தாலே எனக்கு எரியும். பூட்டு என்பது சாவிக்காகவே செய்தது. செல்லின் மேல்தோலில் இருக்கும் ஏற்பிகளை வைரசுக்காக எவரும் செய்துவைக்கவில்லை. பக்கத்துச் செல் என்ன சொல்கிறது, எதிரி வந்திருக்கிறானா, எந்தப் பக்கம் போகவேண்டும் என்று சேதி வாங்குவதற்காகச் செல் தன் வேலைக்கு வெளியே நீட்டி வைத்திருக்கும் கை அது. அந்தக் கையைத்தான் வைரஸ் பிடித்துக்கொள்கிறது. எனக்குப் புரிகிற மாதிரி சொன்னால் மரை. குழாயின் மரையும் சாக்கெட்டின் மரையும் பொருந்தினால் ஏறும், ஒரு நூல் மாறியிருந்தாலும் நீ தலைகீழாக நின்றாலும் ஏறாது.

அதிலும் ஒரு மரை இல்லை, இரண்டு. முதலாவதுதான் சிடி ஃபோர். சென்டரில் எல்லோரும் சிடி ஃபோர் எத்தனை, உனக்கு எத்தனை என்று பரீட்சை மார்க் மாதிரி கேட்டுக்கொள்வார்கள். அது ஏதோ ரத்தத்தின் பெயர் என்று பாவாயி நினைத்திருந்தாள். அது அந்த வெள்ளை அணுவின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ஏற்பியின் பெயர், அதை உடைய அணுக்களைத்தான் எண்ணுகிறார்கள், வைரஸ் முதலில் பிடிப்பதும் அதைத்தான். பிடித்தவுடன் வைரசின் தலை கொஞ்சம் திரும்பும். திரும்பினால் அதுவரை மறைந்திருந்த ஒரு பாகம் வெளியே தெரியும். அந்தப் பாகம் இரண்டாவது ஏற்பியைத் தேடும், சிசிஆர் ஃபைவ் என்பது பெயர். அதுவும் பிடிபட்டால்தான் வைரசின் தோலும் செல்லின் தோலும் இரண்டு எண்ணெய்த் துளி சேர்வதுபோல ஒன்றாகும், உள்ளே இருப்பது உள்ளே போகும். இதைக் கண்டுபிடித்த விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. எலிக்கு இந்த நோய் வராது. எலியின் மரை வேறு. எலியின் செல்லில் மனிதனுடைய முதல் ஏற்பியைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். வைரஸ் வந்து ஒட்டியது, ஆனால் உள்ளே போகவில்லை. வாசலிலேயே நின்றது. அப்படியானால் மனிதச் செல்லில் இன்னொன்று இருக்கிறது, அது எலியிடம் இல்லை என்று யோசித்துத் தேடி எடுத்தார்கள். எத்தனை வருசம் தேடினார்கள்! இதைப் படித்த அன்று யாரிடமாவது சொல்லவேண்டும் போல இருந்தது. பாவாயி போய்விட்டிருந்தாள். சம்பூர்ணத்திடம் சொன்னேன். அவளும் பாவாயியும் சென்டரில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பழகியவர்கள். பாவாயி போன பிறகும் ரிப்போர்ட்டைப் படித்துக் காட்டச் சொல்லி சம்பூர்ணம் என்னிடம்தான் வருவாள். எலிக்கதையைக் கேட்டுவிட்டு, பாவம் எலி, என்றாள்.

குரங்குக் கதையும் சொன்னேன். அதைச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அவளுடைய நாத்தனார் ஒரு விசேஷத்தில் எல்லோருக்கும் முன்னால், செஞ்ச பாவம் சும்மா விடுமா என்று கேட்டுவிட்டாள். சம்பூர்ணம் சாப்பிடாமல் வந்து என் வீட்டு வாசலில் நின்றாள். பாவமும் இல்லை ஒன்றும் இல்லை அம்மிணி என்று உட்கார வைத்துச் சொன்னேன். ஆப்பிரிக்காவில் ஒரு காட்டில் சிம்பன்சிக்கு இப்படி ஒரு வைரஸ் இருந்தது. அதுவும் வேறு சின்னக் குரங்குகளிடமிருந்து அதற்கு வந்ததுதான். யாரோ ஒரு வேட்டைக்காரர் சிம்பன்சியை அறுக்கும்போது கையில் வெட்டு இருந்திருக்கும், ரத்தம் பட்டிருக்கும். மனிதனுடைய ஏற்பியும் அதனுடைய ஏற்பியும் ஏறக்குறைய ஒரே மரை. பொருந்திவிட்டது, அவ்வளவுதான். சோற்றுக்காக வேட்டையாடின மனிதன், அவன் மேல் என்ன பாவம்? அத்தோடு நிறுத்தியிருக்கலாம். இன்னொரு குரங்கு வகை இருக்கிறது, அதில் பெரும்பாலானவற்றுக்கு அந்த இரண்டாவது ஏற்பியே சரியாகக் கிடையாது, வைரஸ் என்ன செய்தது தெரியுமா, பக்கத்திலிருந்த வேறொரு ஏற்பியைப் பிடிக்கப் பழகிக்கொண்டது, அது அப்படித்தான், பொருந்தாத இடத்திலும் காலப்போக்கில் பொருந்தப் பார்க்கும் என்று சொல்லிக்கொண்டே போனேன். அவள் கண்ணெடுக்காமல் கேட்டாள். அப்ப இது யாரு செஞ்சதும் இல்லீங்களா என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். அன்று என் வீட்டில் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுப் போனாள். எனக்கு ரொம்ப நாளைக்குப் பெருமையாக இருந்தது.

பாவாயியாக இருந்தால் சிரித்திருப்பாள். தண்ணி கேட்டா போர் போடற ஆளு எங்கூட்டுக்காரர் என்று தன் அக்காவிடம் சொல்வாள். போர் போடாமல் தண்ணீர் எங்கிருந்து வரும்? அவளுக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது ரத்தம் ஏற்றினார்கள். அதில் வந்ததாகத்தான் இருக்கவேண்டும், வேறு வழியே இல்லை. வெகு காலம் கழித்து, காய்ச்சல் விடாமல் அடித்து இளைத்துப் போன பிறகுதான் தெரிந்தது. இரண்டு பேருக்கும் ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். அவளுக்கு இருக்கிறது, எனக்கு இல்லை. இல்லை என்ற அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கியபோது நான் ஆறுதலாக மூச்சு விட்டிருப்பேன், ஞாபகம் இல்லை. ஞாபகம் இருப்பது ஊருக்குச் சேதி போன வேகம். அவருக்கு இல்லையாமே. அவருக்கு இல்லை என்றால் அவளுக்கு எங்கிருந்து வந்தது? என்னைச் சுத்தமாக்கிய காகிதம் அவளை என்ன ஆக்கியது என்று நான் ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்லவா முடியும், ரத்தம் ஏற்றினது அய்யா, ரத்தம் ஏற்றினது. சொன்னேன். சொல்லச் சொல்ல சாக்குப்போக்கு மாதிரியே எனக்கே கேட்டது. எனக்கு ஏன் வரவில்லை என்றும் தேடினேன். வடக்கு ஐரோப்பாவில் சிலருக்கு அந்த இரண்டாவது ஏற்பி பிறப்பிலேயே கிடையாது, அவர்களை இது லேசில் பிடிக்காது என்று படித்தபோது திடுக்கென்றது. என் தோலைத் தடவித் தடவிப் பார்த்தேன், தோலில் என்ன தெரியும், பைத்தியக்காரத்தனம். சென்டர் டாக்டரிடம் கேட்டேன். நம்ம பக்கம் அது ரொம்ப அபூர்வம், உங்களுக்கு வராதது வெறும் அதிர்ஷ்டம் என்றார். அதிர்ஷ்டம். அவ்வளவு படித்தும் கடைசியில் எனக்குக் கிடைத்த பதில் அது. அதற்கு மரையும் கிடையாது மண்ணும் கிடையாது. இருபது வருச மோட்டார் வேலையில் ஒரு மோட்டார்கூட அதிர்ஷ்டத்தால் ஓடி நான் பார்த்ததில்லை.

வெள்ளாட்டுக்காரர் கேட்டுவிட்டார். மாட்டுக்கு என்னங்க என்றார். சம்பூர்ணம் என்னைப் பார்த்தாள். காம்பில் வெடிப்பு என்றேன். வெடிப்புக்கு இத்தனை தூரம் வருவாங்களா, வெண்ணெய் தடவுனாப் போச்சு என்று சொல்லிவிட்டு, தன் ஆடு திருட்டுத்தனமாக ஊறவைத்த அரிசியைத் தின்ற கதையை ஆரம்பித்தார். பெண்டாட்டி வைகிறாளாம், ஆட்டை இல்லை, அவரை. நல்ல மனிதராகத்தான் தெரிகிறார். இதுவும் ஒரு எரிச்சல். நான் சண்டைக்கு வரிந்து கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தால் எல்லோரும் நல்லவர்களாகவே வருகிறார்கள். மாடு தலையைத் தொங்கப் போட்டிருக்கிறது. சம்பூர்ணம் சோளத்தட்டுக் கட்டிலிருந்து ஒரு கைப்பிடி உருவி நீட்டுகிறாள், முகர்ந்து பார்த்துவிட்டு விட்டுவிடுகிறது. ரெண்டு மூணு நாளா சரியாத் திங்கறதில்லீங்கண்ணா என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்கிறாள். அவளும் இளைத்திருக்கிறாள். கவலை. மகள் பிளஸ் டூ படிக்கிறது, பால் காசில்தான் எல்லாம் நடக்கிறது. மாடு வாயைத் திறந்து ஊரிடம் சொன்னால் நன்றாக இருக்கும், எனக்கு ஒன்றும் இல்லையப்பா, ஆளை விடுங்கள் என்று.

டாக்டர் மெர்லின் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். சின்ன வயசு. முழங்கை வரை சாணி, குழாயில் கழுவிக்கொண்டே எங்களைக் கூப்பிட்டார். மாட்டை இரும்புச் சட்டத்துக்குள் நிறுத்தினார்கள். நான் வீட்டிலிருந்து தயார்செய்து வந்திருந்த பேச்சைத் தொடங்கினேன். ஏற்பி என்றேன், முதல் பிடி இரண்டாம் பிடி என்றேன், மாட்டின் செல்லில் அது பொருந்தாது என்பது தங்களுக்குத் தெரிந்ததுதான் என்றேன். அவர் காம்பைத் தடவிக்கொண்டே கேட்டார். முகத்தில் சிரிப்பு இல்லை, அதற்கே எனக்குக் கைகூப்பவேண்டும் போல இருந்தது. பிறகு சொன்னார், நீங்க சொல்றது சரிதான், ஆனா வாசல் மட்டும் இல்லீங்க, எப்படியோ உள்ளே போய்ட்டாலும் ஒவ்வொரு மிருகத்தோட செல்லுக்குள்ளேயும் தனித்தனிக் காவல் இருக்கு, அதையும் தாண்டணும். எனக்கு அது அரைகுறையாகத்தான் தெரியும். கேட்க ஆசையாக இருந்தது. அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொன்றும் சொன்னார். மாடுகளுக்கென்றே இதே குடும்பத்தில் ஒரு வைரஸ் இருக்கிறதாம், தூரத்து உறவு, அது மனிதருக்கு வராது, இது மாட்டுக்கு வராது. இதைப் போய் சொசைட்டியில சொல்லிடாதீங்க என்றார். என் தலையில் கையை வைத்துக்கொண்டேன். உண்மைக்கு வால் இல்லாமல் இருக்கவே இருக்காதா? பாதியைச் சொன்னால் பொய், முழுதாகச் சொன்னால் இந்தப் பெண்ணின் பிழைப்பு போச்சு. இருக்கட்டும். பொன்னரசுவிடம் தானே பேசுவதாக அவர் சொன்னார். இந்த மாதிரிச் சான்றெல்லாம் எழுதுவது இல்லை, மாட்டைப் பார்த்தேன், பால் நல்ல பால் என்று போனில் சொல்கிறேன் என்றார். நான் ராத்திரி முழுக்கச் சுற்றிய செக்கை அவர் ஒரு வாக்கியத்தில் நிறுத்திவிட்டார். சம்பூர்ணத்தின் முகம் அப்படி விரிந்து நான் பார்த்ததில்லை. அப்போதுதான் அவர் மாட்டின் கண்ணை இழுத்துப் பார்த்து, தீனி எடுக்கலையா, என்ன மருந்து குடுத்தீங்க என்று கேட்டார்.

மஞ்சள் வச்சீங்களா, எண்ணெய் தடவினீங்களா என்று அவர் எடுத்துக் கொடுத்தார். சம்பூர்ணம் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு, என் மாத்திரைதானுங்க, என்றாள். எந்த மாத்திரை? நான் திங்கறதுங்க. பாதியை நானு போட்டுக்கிட்டு, பாதியைப் பழத்துல வச்சு அதுக்குக் குடுத்தனுங்க. மாசத்துக்கு எண்ணித்தானுங்களே குடுக்கறாங்க. முழுசு எங்கிருந்து குடுக்கறது, அதுவும் ஒரு உசுருதானுங்களே. சொல்லிவிட்டு அவள் டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள், நான் அவளுக்காக இப்போது எடுத்துச் சொல்வேன் என்பதுபோல. எதை எடுத்துச் சொல்ல? காதுக்குள் உஸ் என்று ஒரு சத்தம், மோட்டாரில் தண்ணீர் இல்லாமல் காற்று இழுக்கும்போது வருமே, அது. விரல் வெட்டின நாளிலிருந்து அரை மாத்திரை. ஏன் அம்மிணி, யார் சொன்னது உனக்கு என்றேன். குரல் நான் நினைத்ததைவிட உயர்ந்துவிட்டது, வெள்ளாட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அவள் மெதுவாகத்தான் சொன்னாள். குரங்கு ரத்தம் கைவெட்டுல பட்டு மனுசனுக்கு வந்துச்சுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க. என் கையில வெட்டு, அதுக்குக் காம்புல வெடிப்பு. எங்கிட்டருந்து அதுக்குப் போகாதுங்களா? மொதல்ல பொருந்தாது, அப்புறம் பழகிக்கும்னும் சொன்னீங்களே.

ஒரு தப்பும் இல்லை. அவள் கணக்கில் ஒரு தப்பும் இல்லை. நான் கொடுத்த சாமான்களை வைத்து அவள் ஒழுங்காகப் பூட்டியிருக்கிறாள், நான் பூட்டியிருந்தாலும் அப்படித்தான் பூட்டியிருப்பேன். ஊர் பயத்தில் சொன்னதை இவள் படிப்பில் நம்பியிருக்கிறாள், அந்தப் படிப்பு என்னுடையது. எலிக்கு வராதுன்னு சொன்னேனே அம்மிணி என்றேன். எனக்கே கேவலமாக இருந்தது. அவள் நிமிர்ந்தாள். முதல் தடவையாக அவள் குரலில் கோபம் இருந்தது.

"எலிக்குச் சொன்னீங்க. நான் எலியா வளக்கறேன்? மாட்டுக்கு வராதுன்னு ஒரு வார்த்தை நீங்க எப்பவுமே சொல்லலீங்களேண்ணா."

சொல்லவில்லையா? காட்டைச் சொன்னேன், வேட்டைக்காரரைச் சொன்னேன், இரண்டாவது ஏற்பி இல்லாத குரங்கின் சொந்தபந்தம் வரைக்கும் சொன்னேன். கொசுவையும் நாயையும் எத்தனையோ பேருக்குச் சொன்னேன். தினமும் இரண்டு வேளை மாட்டின் மடியில் கை வைக்கிற ஒருத்திக்கு மாட்டைச் சொன்னேனா என்று தேடிப் பார்க்கிறேன், வாசலில், சென்டர் பெஞ்சில், பேருந்தில், எங்கேயும் அது கிடைக்கவில்லை. அது எனக்கு அவ்வளவு தெரிந்த விசயமாக இருந்திருக்கிறது, சொல்லவேண்டும் என்றே தோன்றவில்லை. டாக்டர் மெர்லின் கோபப்படவில்லை, ஆனால் சுற்றி வளைக்கவும் இல்லை. பாதி மாத்திரை போட்டா கிருமி மருந்துக்கே பழகிக்கும், அப்புறம் முழு மாத்திரையும் வேலை செய்யாம போயிடலாம், இன்னைக்கே சென்டருக்குப் போய் நடந்ததை அப்படியே சொல்லுங்க என்றார். மனுச மாத்திரை பாலில் எவ்வளவு வரும் என்று தனக்கே தெரியாது, கால்நடைக் கல்லூரியில் கேட்டுச் சொல்லும் வரைக்கும் பாலை யாருக்கும் கொடுக்க வேண்டாம், கன்றுக்கும் வேண்டாம், பொன்னரசுவுக்கும் பிறகு போன் பண்ணுகிறேன் என்றார். ஆக, நல்ல பால் என்று நான் நம்பிய பாலை ஊர் வேண்டாம் என்றது, இன்று நாங்களே வேண்டாம் என்று கீழே ஊற்றப் போகிறோம். ஊருக்கு இது தெரிந்தால் பார்த்தாயா என்பார்கள். அவர்களுக்கு விளக்கிச் சொல்ல என்று மனசு வழக்கம்போல எழுந்தது. உட்கார் என்றேன்.

அவள் போகமாட்டேன் என்றாள். மாட்டைக் கொண்டுபோய்க் கட்டிவிட்டு நாளைக்குப் போகிறாளாம். நாளைக்கு என்றால் தண்ணீர்வண்டி வரும், மகளுக்குக் காய்ச்சல் வரும், அவள் போகமாட்டாள், சென்டரில் திட்டுவார்கள் என்ற பயமே போதும். உன் சிடி ஃபோர் என்ன ஆகும் தெரியுமா என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டேன். கயிற்றை இப்படிக் கொடு, நீ பஸ் ஏறு என்றேன். உங்களுக்கு மாடு பிடிக்கத் தெரியாதுங்களே என்றாள். தெரியாது. மோட்டாருக்குக் கொம்பு கிடையாது. அவள் கயிற்றை என் கையில் சுற்றினாள், ரெண்டு சுத்துக்கு மேல வேண்டாம், இழுத்தா இழுத்துக்கிட்டே போயிடும், இந்தப் பக்கம் நில்லுங்க, உதைக்காது, ஆனா நில்லுங்க என்று வரிசையாகச் சொன்னாள். எனக்கு வேண்டியதை மட்டும் சொன்னாள். பேருந்து வந்தது. ஏறினாள். கண்ணாடி வழியாக மாட்டைத்தான் பார்த்துக்கொண்டு போனாள்.

நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். வெயில் இந்தப் பக்கம் திரும்பிவிட்டது, வெள்ளாட்டுக்காரர் போய்விட்டார், உதவியாளர் சாப்பிடப் போயிருக்கிறார். மாடு என் முழங்கையை நக்குகிறது. அரம் மாதிரி நாக்கு. அந்தத் தோலில் எத்தனை கோடிச் செல், அதன் மேல் எத்தனை கை நீட்டிக்கொண்டிருக்கிறது என்று புத்தி ஓடத் தொடங்கியது. ஓடட்டும், எனக்குக் கால் வலிக்கிறது. திட்டியிருப்பார்களோ? வரிசையில் நிற்கப் பயந்து திரும்பி வந்துகொண்டிருக்கிறாளோ? கிருமி மருந்துக்குப் பழகியிருக்குமோ, இந்தக் கொஞ்ச நாளிலேயே? புத்தகத்தில் இதற்கு நாள்கணக்கு போட்டிருக்கிறதா என்று நினைவில் புரட்டினேன், பாதிப் பக்கத்திலேயே நின்றுவிட்டேன், தெரிந்து என்ன செய்யப் போகிறேன். மாடு தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து இழுத்தது. போனேன். என்னை இழுத்துக்கொண்டு போய்க் குடித்தது, நிறையக் குடித்தது. அப்போதுதான் சட்டைப் பையில் போன் அடித்தது. இடது கையால் எடுத்தேன்.

திட்டினாங்களா என்றேன். திட்டலீங்க, அந்த சிஸ்டர் அழுதுட்டாங்க என்றாள். ரத்தம் எடுத்திருக்கிறார்களாம். மறுபடியும் எடுக்க வரச் சொல்லியிருக்கிறார்களாம். என்ன ஆகும் என்று இப்போது சொல்ல முடியாதாம். மாத்திரை? முழுசா, அவங்க முன்னாலயே போட்டனுங்க. பிறகு மாடு தண்ணி குடிச்சுதுங்களா என்றாள். குடித்தது என்றேன். அவள் போனை வைக்கவில்லை. பின்னால் பேருந்து நிலையத்துச் சத்தம் கேட்டது, யாரோ ஊர்ப்பெயர் கூவுகிறார்கள்.

"ஏனுங்கண்ணா. மாட்டுக்கு வராதுதானுங்களே?"

"வராது அம்மிணி."

அவள் காத்திருந்தாள். இத்தனை வருசப் பழக்கம், இதற்குப் பின்னால் ஒன்று வரும் என்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வாசல், உள்ளே காவல், தூரத்து உறவு, எல்லாம் தொண்டை வரைக்கும் வந்து நின்றது.

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதான்."